ஈ, தா, கொடு: கேட்பவர் நாவில் மூன்று சொற்கள்

பட்டான்செருவில் காய்கறி வாங்கப் புதிதாகச் செல்லும் தமிழர் முதல் நாளில் சிறிது திகைத்துப் போவது இயல்பு. கத்தரிக்காய் கேட்கும் அம்மையாரும் பச்சை மிளகாய் கேட்கும் பெரியவரும் 'இவ்வண்டி, இவ்வண்டி' என்கின்றனர். எவ்வண்டியைச் சுட்டுகின்றனர் என்று நம்மவர் சாலைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். மும்பை நெடுஞ்சாலையில் லாரிகள் விரைந்துகொண்டிருக்கும். இவர் தேடும் வண்டி மட்டும் இராது. 'கொடுங்கள்' என்பதற்குத் தெலுங்கில் வழங்கும் சொல் அதுவென்று பின்னரே விளங்கும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு திரும்பிப் பார்த்தவர்தாம்.

அச்சொல்லை நம் பிள்ளைகள் இன்று தம் சொல்லாகவே பேசுகின்றனர். நம் இளைய மகன் கடைக்காரரிடம் 'இவ்வண்டி' என்று பணிவாகக் கேட்டுப் பென்சில் வாங்கி வருவான். பள்ளியில் ஆசிரியையிடம் 'கிவ்' என்னும் ஆங்கிலச் சொல்லோடு 'பிளீஸ்' என்பதையும் சேர்த்தே கேட்பான். ஒரு கோடை விடுமுறையில் திருநெல்வேலியிலிருந்து அவனுடைய ஆச்சி வந்திருந்தார். டப்பாவில் இருந்த முறுக்கைக் காட்டி, "ஆச்சி, குடு" என்றான். ஆச்சியின் முகம் சற்றே சுருங்கிற்று. "கடன் கொடுத்தவன் திருப்பிக் கேக்க மாதிரி 'குடு'ங்கியே! 'தா'ன்னு கேளு ராசா, ஆச்சி தாரேன்" என்றார்.

பிள்ளை மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டான் என்பதே ஆச்சியின் வருத்தம் என்று அப்போது கருதினோம். பின்னர் எண்ணிப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. மரியாதைதான் வேண்டுமென்றால் 'கொடுங்க' என்று கேட்கச் சொல்லியிருப்பார். அவர் அவ்வாறு சொல்லவில்லை. ஒருமையை ஒருமையாகவே விட்டுவிட்டு வினைச்சொல்லை மட்டும் மாற்றச் சொன்னார். நான்காம் வகுப்புக்கு மேல் படியாத அம்மூதாட்டி, 'கொடு' என்பதற்கும் 'தா' என்பதற்கும் இடையே என்ன வேறுபாடு கண்டார்? அதனைக் காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அகராதியின் காற்புள்ளி

ஆங்கிலத்தில் 'கிவ்' என்பது குழந்தையும் அறிந்த சொல். ஆங்கிலத் தமிழ் அகராதியில் அதன் பொருளைத் தேடினால் கொடு, தா, ஈ, அளி, வழங்கு, நல்கு என இத்தகைய சொற்கள் காற்புள்ளியிட்டு வரிசையாக நிற்கக் காணலாம். இவற்றுள் எதனையும் எவ்விடத்தும் இட்டு வழங்கலாம் என்று அகராதியாசிரியர் கூறவில்லை. எனினும் அக்காற்புள்ளியைக் காண்பவர் அவ்வாறே கொள்கின்றனர்.

நம் பழைய நிகண்டுகளும் சொற்களை இவ்வாறே ஒருங்கு திரட்டி வைத்தன. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலியன ஒரு பொருளுக்குரிய பல சொற்களை மனப்பாடத்திற்கு ஏற்பத் தொகுத்துரைத்தன. எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடும் புலவர்க்கு அவை பெருந்துணையாயின. ஆயினும் சொற்களைச் சேர்த்து வைப்பது நிகண்டின் பணி. அவற்றைப் பிரித்துக் காட்டுவது இலக்கணத்தின் பணி. முன்னதை மட்டும் கொண்டு பின்னதை மறந்தோமாயின், பல சொற்கள் இருப்பது வளம் என்று பெருமை பேசலாமே தவிர, அவ்வளத்தைப் பயன்கொள்ள இயலாது.

ஆங்கிலத்தில் நுட்ப வேறுபாடு இல்லை என்பதும் பொருந்தாது. கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு அது நன்கு தெரியும். விடுப்பு 'சாங்ஷன்' செய்யப்படும்; மானியம் 'கிராண்ட்' ஆகும்; எழுதுபொருள் 'இஷ்யூ' செய்யப்படும்; குடியிருப்பு 'அலாட்' ஆகும். வெள்ள நிவாரணத்திற்கு 'டொனேட்' செய்வோம். ஓய்வு பெறுபவருக்குச் சுவர்க்கடிகாரம் 'பிரசென்ட்' செய்வோம். ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதினால் கோப்பு நம் மேசைக்கே திரும்பி வந்துவிடும். ஆனால் இச்சொற்கள் யாவும் கொடுப்பவர் யார், எவ்வதிகாரத்தால் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்பவற்றைக் கொண்டே வேறுபடுகின்றன. கொடுப்பவரின் கையைப் பார்த்துப் பிரிந்த சொற்கள் அவை. தமிழ் இலக்கணமோ ஈ, தா, கொடு என்னும் மூன்றைப் பிரித்தபோது கேட்பவரின் நாவைப் பார்த்தது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

தொல்காப்பியம் கூறுவது

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயல் எச்சவியல். ஈ, தா, கொடு என்னும் மூன்றும் ஒருவர் மற்றொருவரிடம் ஒன்றை வேண்டிக் கேட்கும்போது வருவன என்று அவ்வியல் கூறுகிறது. அவற்றுள் ஈ என்பது தாழ்ந்த நிலையில் இருந்து கேட்பவனுக்கும், தா என்பது ஒத்த நிலையில் உள்ளவனுக்கும், கொடு என்பது உயர்ந்த நிலையில் உள்ளவனுக்கும் உரியன என்று வரையறுக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் இக்கருத்தை ஒரே நூற்பாவில் அடக்கினார். பள்ளியில் இலக்கணம் பயின்ற நம் தலைமுறையினர் பலர் அதனை ஒப்புவித்தவர்களே. அதனால் மூன்று படிகள் கொண்ட ஓர் ஏணியாகவே இம்மூன்று சொற்களும் நம் மனத்தில் தங்கிவிட்டன.

ஏணி மட்டுமே எனின், ஆச்சியின் கண்டிப்புக்கு எளிதில் விளக்கம் கூறிவிடலாம். பேரன் உயர்ந்தோன் சொல்லை எடுத்தாண்டான், ஆதலின் தவறு. ஆனால் இவ்விளக்கம் பாதிவழியில் நின்றுவிடுகிறது. வயதிற் சிறியவன் தாழ்ந்தோனுக்குரிய 'ஈ' என்னும் சொல்லாலன்றோ கேட்டிருக்க வேண்டும்? ஆச்சி அதனை எதிர்பார்க்கவில்லை. தமக்கு நிகரானவன் சொல்லையே பேரன் வாயில் வைத்தார். எனவே ஏணிக்கு அப்பாலும் இங்கே ஏதோ ஒன்று உளது.

அது யாது என்பதற்கும் தொல்காப்பியத்திலேயே விடை கிடைக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் வருதல், தருதல், செல்லுதல், கொடுத்தல் என்னும் நான்கும் ஒருங்கு வைத்து ஆராயப்படுகின்றன. முதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. ஏனைய இரண்டும் படர்க்கைக்கு உரியன. 'என்னிடம் வா' என்போம், 'அவனிடம் செல்' என்போம். அதுபோலவே 'எனக்குத் தா', 'உனக்குத் தருகிறேன்', 'அவனுக்குக் கொடு' என்பன முறை. வருதலுக்கும் செல்லுதலுக்கும் திசை உண்டு என்பதை எவரும் அறிவர். தருதலுக்கும் கொடுத்தலுக்கும் அவ்வாறே திசை உண்டு என்பதுதான் நாம் மறந்த செய்தி.

முன்னே கூறிய எச்சவியல் பகுதியும் மூன்று படிகளோடு முடிந்துவிடவில்லை. அடுத்த நூற்பா மேலும் ஒன்று கூறுகிறது. கொடு என்பது படர்க்கைக்குரிய சொல்லே. எனினும் பேசுபவன் தன்னையே வேறொருவன் போல வைத்துப் பேசும்போது அது தனக்கும் பொருந்தி வரும் என்பது அதன் கருத்து. ஏணியைக் கூறும் நூற்பாவையும் திசையைக் கூறும் நூற்பாவையும் இணைக்கும் பாலம் இதுவே. இதனைக் கடந்து செல்வோர் மிகப் பலர்; நின்று எண்ணுவோர் மிகச் சிலர்.

ஏணியா, திசையா?

உயர்ந்தோன் எனப்படுபவன் தனக்கு வேண்டியதைக் கேட்கும்போது படர்க்கைச் சொல்லை ஏன் நாட வேண்டும்? கேட்டல் என்பது யார்க்கும் சிறிது கூச்சம் தருவது. 'எனக்குத் தா' என்றவுடன் 'எனக்கு இல்லை' என்பதும் உடன் வெளிப்பட்டுவிடுகிறது. பதவியும் செல்வமும் உடையவன் அதனை விரும்பான். ஆகவே தன்னைத் தானே சற்று அப்பால் நிறுத்தி, வேறு யாருக்கோ கொடுக்கச் சொல்பவன் போலக் 'கொடு' என்கிறான். உயர்வு என்று நாம் மனப்பாடம் செய்தது உண்மையில் ஒரு விலகல்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எந்த அதிகாரியும் 'எனக்கு அந்தக் கோப்பு வேண்டும்' என்று குறிப்பு எழுதுவதில்லை. 'இவ்வலுவலகத்திற்கு அனுப்பி வைக்கப்பட வேண்டும்' என்றே எழுதுவார். கேட்பவரும் அவரே, பெறுபவரும் அவரே. ஆனால் வாக்கியத்தில் அவர் இல்லை. தன்னைப் பிறன் போல வைத்துப் பேசுதல் என்று தொல்காப்பியர் கண்டறிந்த வழக்கு நம் மேசைகளின் மீது நாள்தோறும் நடைபெற்று வருகிறது.

இவ்வாறு நோக்கின் மூன்று சொற்களும் வேறு விதமாகத் தோன்றுகின்றன. 'ஈ' என்பவனிடம் தேவை மட்டுமே முன் நிற்கிறது. அவன் தன் மதிப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறான். 'கொடு' என்பவன் தன் தேவையை மறைத்துவிட்டுக் கேட்கிறான். 'தா' என்பவன் ஒருவனே தன்னை இழக்காமலும் ஒளிக்காமலும் எதிரில் நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்கிறான். ஒத்தோன் என்பது வயதாலோ பொருளாலோ ஒத்தவன் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை; எதிரெதிர் நிற்கும் இருவர் என்றும் கொள்ளலாம். இது பழைய உரையாசிரியர் கூற்று அன்று; நம் கருத்தாகவே வைக்கின்றோம். ஆயின் இவ்வாறு கொண்டால்தான் ஆச்சி பேரனுக்குச் சொன்னது விளங்குகிறது. பேரன் தம்மைப் பணிந்து இரக்க வேண்டும் என்றும் அவர் எண்ணவில்லை. கடன்காரரிடம் பேசுவது போல விலகி நின்று கேட்பதையும் அவர் விரும்பவில்லை.

புறநானூற்றைப் படிப்போர்க்கும் இது புதிதன்று. கழைதின் யானையார் வல்வில் ஓரியைப் பாடிய பாட்டு ஒன்று (204) இரத்தலின் இழிவையும், இல்லை என மறுத்தலின் பேரிழிவையும், வலிய வழங்குதலின் உயர்வையும், அதனையும் ஏலாது நிற்றலின் மேலான உயர்வையும் அடுத்தடுத்து வைக்கிறது. அங்கே இரப்பவனின் சொல்லாக வருவது 'ஈ' என்பதே. வள்ளுவரும் வறியவர்க்கு வழங்குவதையே ஈதல் என வரையறுத்து, ஏனைய யாவும் திரும்பப் பெறும் நோக்கம் உடையன எனப் பிரித்தார். அவ்வதிகாரத்திற்கு ஈகை என்றே பெயர்.

பெருஞ்சித்திரனார் வரலாறோ இன்னும் நுட்பமானது. அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரிற் காணாமலே பரிசில் அனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். காணாது கொடுத்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து வழங்குவது தினையளவே ஆயினும் இனிது என்றும் பாடினார் (208). பொருளில் குறையில்லை, முகம் காணாமையே குறை. வறுமையில் வாடிய ஒரு புலவர் அந்த வேறுபாட்டிற்காக வந்த பொருளையே வேண்டாம் என்றார் என்பது நாம் மறக்கத்தகாதது.

நம் பேச்சில் வாழும் சான்றுகள்

இவ்வேறுபாடு ஏட்டில் மட்டும் வாழ்கிறது என்று எண்ணுதல் தவறு. 'வழி காட்டித் தந்தார்' என்றால் நன்றியோடு நினைக்கிறோம். 'காட்டிக் கொடுத்தார்' என்றால் துரோகம் நினைவுக்கு வருகிறது. இரண்டிலும் காட்டுதல் ஒன்றே. நமக்குக் காட்டினால் தருதல்; நம்மைப் பிறர்க்குக் காட்டினால் கொடுத்தல். 'நம் வீட்டை விட்டுக் கொடுக்காமல் பேசினாள்' என்று மருமகளைப் பாராட்டும்போதும் அயலார் ஒருவர் எதிரே நிற்பது உள்ளடங்கியிருக்கிறது.

பெண் கேட்டுச் செல்லும் பெரியோர் பேச்சைக் கவனித்தால் இன்னும் தெளிவு பிறக்கும். எதிரில் அமர்ந்து கேட்கும்போது 'உங்கள் பெண்ணை எங்கள் வீட்டுக்குத் தாருங்கள்' என்பர். திருமணம் முடிந்து பெண் ஊரை விட்டுச் சென்ற பின், பெற்றோர் பிறரிடம் பேசும்போது 'பெண்ணை ஐதராபாத்தில் கொடுத்திருக்கிறோம்' என்பர். அவள் இப்போது அப்பால் இருக்கிறாள். சொல்லும் அப்பாற் சொல்லாகிவிட்டது. நம் சங்கத்தின் மகளிர் பலரைப் பற்றி அவரவர் பிறந்த ஊரில் இன்றும் இவ்வாறுதான் பேசிக்கொண்டிருப்பர்.

அண்டை வீடுகளில்

1972இல் இங்கே நிறுவப்பட்ட இக்ரிசாட் பயிராய்வு நிறுவனமும், சுற்றுவட்டாரத்தில் எழுந்த தொழிற்சாலைகளும் பல மொழியினரை ஒரே தெருவில் குடியமர்த்தின. அதனால் நமக்கு ஒரு நன்மை உண்டு. மொழிநூலார் ஏடுகளில் தேடுவதை நாம் மாடிப்படியில் கேட்கலாம். எதிர்வீட்டு மலையாளக் குழந்தை தாயிடம் 'எனிக்கு தா' என்கிறது. தம்பியைக் காட்டி 'அவனு கொடுக்கு' என்கிறது. இலக்கணம் படித்தறியாத அக்குழந்தை இவ்விரண்டையும் மாற்றிச் சொல்வதில்லை. தொல்காப்பியர் வகுத்த திசை அவ்வீட்டில் அன்றாட வழக்கு.

கன்னடர்க்குக் கொடு என்பதே பொதுச்சொல். தா என்பதன் இனமாகிய 'தரு' அவரிடம் கொண்டு வருதலைக் குறிக்கிறது. தெலுங்கரிடமும் அதன் இனமாகிய 'தெச்சு' கொண்டு வருதலே. கொடுத்தலுக்கு அவர் ஆள்வது ஈ என்பதன் இனமாகிய 'இச்சு'. நாம் வண்டி என்று மயங்கிய 'இவ்வண்டி'யும் அதன் வழி வந்ததே. தருதலில் 'இப்பால்' என்னும் திசை உள்ளதென்பதற்கு, அது இரு மொழிகளில் கொண்டு வருதலாக நிலைபெற்றதே சான்று. தமிழிலும் 'தருவித்தல்' என்றால் வரவழைத்தல் அன்றோ? நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த எமனோ என்னும் அறிஞர் 1945இல் வா, தா என்னும் பொருளுடைய திராவிட வினைகளைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். பரோ என்பாருடன் இணைந்து 1961இல் அவர் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவ்வினச் சொற்களை ஒருங்கே காணலாம்.

தெலுங்கு வழக்கு நமக்கு மற்றொரு பாடமும் கற்பிக்கிறது. தாழ்ந்தோன் சொல் என நம் இலக்கணம் வகுத்த ஈ, இங்கே செல்வர்க்கும் வறியவர்க்கும் பொதுச்சொல்லாய் உளது. ஒரு தாழ்வும் அதில் இல்லை. எனவே தாழ்வு எழுத்திலோ ஒலியிலோ இல்லை. ஒரு மக்கட் கூட்டம் அச்சொல்லை எந்நிலையில் நின்று வழங்கிற்று என்பதில் உள்ளது.

ஒரு மறுப்பும் விடையும்

நண்பர் சிலர் கேட்பர்: உயர்ந்தோன், தாழ்ந்தோன் என்னும் பாகுபாட்டை இக்காலத்தில் மீண்டும் எடுத்துரைப்பானேன்? ஒரே சொல்லோடு ஆங்கிலேயர் வாழவில்லையா? தமிழ்நாட்டிலேயே பலர் எல்லாவற்றிற்கும் 'குடு' என்று பேசவில்லையா?

நியாயமான கேள்விகளே. செய்யுளிலும் வழக்கிலும் இவ்வரையறை எங்கும் வழுவாது காக்கப்பட்டது என்று நாம் வாதிடவில்லை. 'எனக்குக் குடு' என்பவர் தமிழறியாதவர் என்றும் கூறவில்லை. ஏணியின் மேல்படியும் கீழ்ப்படியும் தேய்ந்து போனால் அதற்காக நாம் வருந்தவும் இல்லை. ஈகை, ஈவு, நன்கொடை, பணிக்கொடை என அவை வேறு வடிவங்களில் பயன்பட்டுக்கொண்டே இருக்கும். நாம் வருந்துவது நடுப்படிக்காக. ஒருவரை ஒருவர் நிகராகக் கண்டு கேட்கும் சொல் ஒன்று மொழியில் இருக்க, அதனை விடுத்து, தன்னை மறைத்துக்கொண்டு கேட்கும் சொல்லைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது சமத்துவம் ஆகாது. ஆங்கிலேயரும் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. 'பிளீஸ்' என்பதைக் கூட்டிக்கொள்கின்றனர். தெலுங்கர் 'அண்டி' சேர்க்கின்றனர். நம் பிள்ளை ஆங்கிலத்தில் அதனையும் தெலுங்கில் இதனையும் கற்றுக்கொண்டான். தமிழில் மட்டும் வெறும் 'குடு'வோடு நின்றான். ஏன்?

இவ்வினாவிற்கு விடை தேடியபோதுதான் நாம் நாணினோம். கடைத்தெருவில் அவன் கேட்பது தெலுங்கு. பள்ளியில் கேட்பது ஆங்கிலம். தமிழை அவன் கேட்பது நம் வாயிலிருந்து மட்டுமே. அலுவலகத்திலிருந்து களைத்து வரும் நாம் அவனிடம் என்ன பேசுகிறோம்? 'தண்ணீர் குடு, சாவியைக் குடு, மதிப்பெண் அட்டையைக் குடு.' நாள் முழுவதும் கோப்புகளில் பயின்ற சொல்லை வீட்டிற்கும் கொண்டு வந்திருக்கிறோம். ஆச்சியிடம் அவன் பேசியது நம் தமிழே. கண்டிக்கத்தக்கவன் அவன் அல்லன். ஊரில் வளரும் பிள்ளைக்குத் தெருவும் திண்ணையும் உறவினரும் சொற்களைத் திருத்தித் தருவர். இங்கே நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு என்பது இரண்டு அறைகளும் பெற்றோர் இருவருமே. நாம் ஒரு சொல்லை விட்டுவிட்டால் அதனை அவர்களுக்கு எடுத்துத் தர வேறு ஒருவரும் இலர். ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆச்சியைத் தவிர.

ஆதலின் இம்மூன்று சொற்களையும் நூற்பாவாக ஒப்புவிக்கச் செய்வதால் மட்டும் பயன் விளையாது. வகுப்பில் ஒப்புவித்த நாமே வீட்டில் மறந்தவர்கள். இன்று மாலை வீடு திரும்பியதும் பிள்ளையை அருகில் அழைத்து, அவன் முகத்தைப் பார்த்து, 'அப்பாவுக்குக் கொஞ்சம் தண்ணீர் தா' என்று கேட்போம். கேட்ட சொல்லையே குழந்தை திருப்பிச் சொல்லும். நம் முன்னோர் நமக்குத் தந்த அச்சொல்லை, நாமும் நம் மக்களுக்குக் கேட்டுக் கேட்டே தருவோமாக.